மறுபடியும் டிரிப்பா? எந்த சுவிட்ச் விழுந்தது என்று பாருங்கள்!

வீட்டு மின்பெட்டியில் அடிக்கடி விழும் சுவிட்ச், கோளாறு எங்கே என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பணமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

கரண்ட் போனதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒருவர் ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்ப்பார். அங்கேயும் இருட்டு என்றால் நிம்மதி, இ.பி. பார்த்துக்கொள்ளும். அங்கே லைட் எரிந்தால் உடனே குரல் வரும்: "நம்ம வீட்ல மட்டும்தாங்க போயிருக்கு!" செல்போன் வெளிச்சத்தில் கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்து கிடக்கும் சுவிட்சைத் தூக்கிவிடுவார்கள். ஃபேன் சுற்றும். சில நிமிடம் கழித்து மறுபடியும் 'டப்'.

இரண்டு மூன்று நாள் இப்படி ஆனதும் எலக்ட்ரீஷியனுக்கு போன் போகும். "அடிக்கடி டிரிப் ஆகுதுண்ணே" என்பதோடு தகவல் முடிந்துவிடும். அவர் வந்து நிற்கும் நேரத்தில் சுவிட்ச் விழாது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "எம்.சி.பி. வீக்கா இருக்கு, மாத்திடலாம்" என்பார். மாற்றுவார். அடுத்த வாரம் புதிய எம்.சி.பி.யும் விழும்.

இந்தச் சுற்று முடியாமல் நீள்வதற்குக் காரணம், வீட்டில் இருப்பவர்கள் கண்முன்னே நடந்ததை யாரும் கவனித்து வைக்காததுதான். எது விழுந்தது, சுவிட்சைத் தூக்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் விழுந்தது, அந்த நேரத்தில் வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகள் பாதி பிடிபட்ட மாதிரிதான்.

பெட்டிக்குள் இருப்பவை

டி.பி. பாக்ஸைத் திறந்தால் எல்லா சுவிட்சும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அவை செய்யும் வேலை மூன்று விதம்.

பல வீடுகளில் முதலில் இருப்பது அகலமான ஐசோலேட்டர். கையால் இறக்கினால் இறங்கும், ஏற்றினால் ஏறும். ஷார்ட் ஆனாலும் லோடு கூடினாலும் அதுவாக விழாது. 'மெயின் இருக்கே, அது பார்த்துக்கொள்ளும்' என்று இதை நம்பிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

அதற்கு அடுத்து, 'டி' என்று ஆங்கில எழுத்து போட்ட சின்ன பட்டன் ஒன்றோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பேச்சுவழக்கில் சிலர் இ.எல்.சி.பி. என்பார்கள், சிலர் டிரிப்பர் என்பார்கள். மின்சாரம் போக வேண்டிய பாதையை விட்டு எர்த்துக்கோ மனித உடம்புக்கோ கசிந்தால் விழுவது இது. வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த எண் அதன் முகப்பிலேயே இருக்கும்.

வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்.சி.பி.க்கள். ஒவ்வொன்றும் ஓர் அறைக்கோ, ஏ.சி., கீசர் போன்ற ஒரு பெரிய சாதனத்துக்கோ போகும் லைனைக் காப்பாற்றுகிறது. முகப்பில் 'சி16', 'சி20' என்று ஆங்கில எழுத்தோடு எண் இருக்கும். எண், அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைச் சொல்கிறது. எழுத்து, எவ்வளவு கூடினால் அந்தக் கணமே விழும் என்பதைச் சொல்கிறது.

ஆக, முதல் கேள்விக்கு விடை இங்கேயே கிடைக்கிறது. ஒல்லியான எம்.சி.பி. ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அந்த லைனில் லோடு கூடியிருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. எம்.சி.பி.க்கள் எல்லாம் மேலேயே இருக்க, டெஸ்ட் பட்டன் உள்ள சுவிட்ச் மட்டும் விழுந்திருந்தால் அது லீக்கேஜ். இரண்டுக்கும் தேட வேண்டிய இடமே வேறு.

தூக்கியதும் விழுகிறதா, மெதுவாக விழுகிறதா?

எம்.சி.பி.க்குள் இரண்டு பாகங்கள் தனித்தனியாக வேலை பார்க்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய மெல்லிய தகடு. அதன் வழியாக அளவுக்கு மீறிய கரண்ட் போனால் சூடாகி, மெல்ல வளைந்து, கொக்கியைத் தட்டிவிடும். இன்னொன்று காயில். ஷார்ட் ஆகி ஒரேயடியாக கரண்ட் பாயும்போது அது காந்தமாகி, கண் இமைப்பதற்குள் சுவிட்சைத் தள்ளிவிடும். பீங்கான் ஃப்யூஸ் கட்டையின் வேலையைச் செய்ய, இந்த இரண்டையும் ஒரு சின்னக் கருவிக்குள் அடக்கி ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் இருந்த ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ஆண்டு 1924. நூறு ஆண்டு தாண்டியும் நம் வீட்டு எம்.சி.பி.யின் அடிப்படை அதேதான்.

இதனால்தான் நேரம் முக்கியமாகிறது. தூக்கிய மறுகணமே விழுந்தால் வேலை செய்தது காயில், அதாவது ஷார்ட். 'சி' வகை எம்.சி.பி. தன் எண்ணைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே விழும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 80 முதல் 160 ஆம்பியர். இந்த நிலையில் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் எங்கோ ஒரு மூலையில் பொறி பறக்கிறது. அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு ஒரே ஒரு முறை முயலலாம். நின்றால், உருவிய சாதனங்களில் ஒன்றில் கோளாறு. அப்போதும் விழுந்தால் சுவருக்குள் ஓடும் ஒயரிலோ, சுவிட்ச் போர்டிலோ, லைட், ஃபேன் பாயிண்டிலோ கோளாறு. அதற்கு மேல் அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஐந்து நிமிடம், இருபது நிமிடம் கழித்து விழுந்தால் வேலை செய்தது தகடு, அதாவது லோடு. தகடு ஆறும்வரை சுவிட்ச் நிற்காது என்பதால், ஓரிரு நிமிடம் விட்டு, சில சாதனங்களை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும்.

சமையலறைக் கணக்கு

சமையலறை பிளக்குகள் எல்லாம் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட்ஸ் கெட்டில், 1,200 வாட்ஸ் இழுக்கும் மைக்ரோவேவ். மொத்தம் 4,700 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 20.4 ஆம்பியர்.

16ஐத் தாண்டிவிட்டதே, உடனே விழ வேண்டாமா? விழாது. தரநிலைப்படி ஓர் எம்.சி.பி. தன் எண்ணைப்போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கு ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16 ஆம்பியருக்கு இந்த எல்லைகள் 18.1, 23.2. நம் கணக்கில் வந்த 20.4 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. விழலாம், விழாமலும் போகலாம். கூடவே 750 வாட்ஸ் மிக்சியும் ஓடினால் 23.7 ஆம்பியர், அப்போது விழுவது உறுதி. ஆனால் அதற்குள் சட்னி அரைத்து முடிந்திருக்கும்!

"நேத்து இதே எல்லாம்தான் ஓடுச்சு, அப்ப விழலையே!" என்ற புகாருக்குப் பதில் இந்த இடைவெளியில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. எம்.சி.பி.யின் எண், சுற்றிலும் 30 டிகிரி வெப்பம் இருக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. சித்திரை வெயிலில், மேற்குச் சுவரில், காற்றுப் புகாத பெட்டிக்குள், இரண்டு பக்கமும் சூடான எம்.சி.பி.க்களுக்கு நடுவே இருக்கும் தகடு ஏற்கெனவே பாதி வளைந்து நிற்கும். மார்கழியில் தாங்கிய லோடை மே மாதத்தில் தாங்காது.

தீர்வு எளிது. வெப்பம் தரும் சாதனங்களை ஒரே நேரத்தில் போடாமல் பிரித்துக்கொள்வது. அது முடியாது என்றால் அடுப்புக்குத் தனி லைன் இழுப்பது. இண்டக்‌ஷன், கீசர், ஏ.சி., ஹீட்டர் வைத்த வாஷிங் மெஷின் ஆகியவை தனித்தனி லைன் கேட்கும் சாதனங்கள். லைட், ஃபேன், டி.வி. ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ், சாதாரண ஃபேன் 75 வாட்ஸ். இவற்றால் எம்.சி.பி. விழுவதாகத் தோன்றினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

அந்த வேறு எங்கோவில் ஒன்று, பெட்டிக்குள்ளேயே இருக்கும் லூஸ் கனெக்‌ஷன். ஒயரை இறுக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். சூடு எம்.சி.பி.க்குள் ஏறித் தகட்டை வளைக்கும். லோடு குறைவாக இருந்தாலும் விழும். பெட்டி மூடி மேலே தொட்டாலே ஓர் இடம் மட்டும் சுடுவது, பிளாஸ்டிக் கருகிய வாடை, லேசாகப் பழுப்பேறிய முகப்பு, 'ஸ்ஸ்' என்ற சத்தம் எல்லாம் இதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். தீ பிடிக்கும் கோளாறு இது.

முப்பது மில்லி ஆம்பியரின் கதை

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. மனிதனை அல்ல. ஷாக் அடிக்கும்போது உடம்பு வழியாகப் போவது ஆம்பியரில் ஒரு சின்னப் பின்னம்தான். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆனால் அந்தப் பின்னமே இதயத்தை நிறுத்தப் போதும்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறொரு கணக்கு. கடைக்காரர் கல்லாவை எண்ணுவதுபோல, ஃபேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சரியாக இருக்கிறதா என்று அது எந்நேரமும் ஒத்துப் பார்க்கிறது. வித்தியாசம் வந்தால் நடுவழியில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் அது விழுந்தாக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் என்பது 7 வாட்ஸ் நைட் லேம்ப் இழுக்கும் கரண்ட். நடைமுறையில் 15ஐத் தாண்டினாலே விழ அதற்கு உரிமை உண்டு. அதனால் 20, 22இல் விழுந்தால் அது பழுதான சுவிட்ச் ஆகிவிடாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. போனதும் வந்ததும் சரியாக இருப்பதால் அதன் கணக்கில் அவர் இன்னொரு பல்பு. லோடு கூடினாலும் அது விழாது. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து இருந்தால்தான் பாதுகாப்பு முழுமை.

கசிவு எங்கிருந்து வருகிறது?

நம் வீடுகளில் முதல் சந்தேகம் கீசர் மேல் விழ வேண்டும். கீசர் காயிலை வெட்டிப் பார்த்தால் வெளியே உலோகக் குழாய், நடுவே மெல்லிய சூடேற்றும் கம்பி, இரண்டுக்கும் இடையில் இறுக்கி அடைத்த வெள்ளைப் பொடி இருக்கும். அந்தப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் ஈரம் பொடிக்குள் இறங்கும். ஈரமான பொடி மின்சாரத்தையும் விட ஆரம்பிக்கும். சில கீசர்கள் போட்டதும் டிரிப் ஆகும், சில சூடேறி விரிசல் அகன்ற பிறகு டிரிப் ஆகும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், வாட்டர் ஹீட்டர் ராடு என்று காயில் உள்ள எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

"யாருமே எதையும் போடலை, ராத்திரி ரெண்டு மணிக்கு விழுது" என்றால் ஃபிரிட்ஜைப் பாருங்கள். ஐஸ் கட்டாத வகை ஃபிரிட்ஜில் பனியை உருக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ஓடும். அந்தக் காயிலில் கசிவு இருந்தால் சுவிட்ச் விழும் நேரத்துக்கும் வீட்டில் இருப்பவர்கள் செய்யும் வேலைக்கும் தொடர்பே இருக்காது.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வீட்டுக்கு வெளியே தேட வேண்டும். கேட் லைட், காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி பிளக் பாயிண்ட், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, ஏ.சி.யின் வெளி யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைப்புக்குள் இறங்கிய தண்ணீர், வெயில் அடித்து இரண்டு நாள் ஆன பிறகும் உள்ளே நிற்கும். கார்த்திகைக்குக் கட்டி, தை பிறந்தும் அவிழ்க்காமல் விட்ட சீரியல் செட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. சுவிட்ச் போர்டுக்குள் புற்று வைத்த எறும்பும், இரண்டு ஒயருக்கு நடுவே மாட்டிக்கொண்ட பல்லியும் மழை இல்லாமலேயே அந்த வேலையைச் செய்யும்.

தேடும் முறை

கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றக் கூடாது. கீழே சொல்வது எல்லாம் சுவிட்சை ஏற்றி இறக்கி, பிளக்கை உருவிப் பார்க்கும் அளவில் உள்ள வேலைதான்.

முதலில் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது ஆர்.சி.சி.பி. விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டால் மற்ற அறைகளில் கரண்ட் இருக்கும். ராத்திரியைக் கழித்துவிடலாம்.

அடுத்து, அந்த லைனில் உள்ள சாதனங்களின் பிளக்குகளை எல்லாம் உருவுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, உருவ வேண்டும். இப்போது நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். விழ வைக்கும் சாதனம் சிக்கிவிடும். எல்லாம் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு சுவருக்குள்.

ஏன் உருவச் சொல்கிறோம்? அதில்தான் எலக்ட்ரீஷியன்களையும் அலையவிடும் ஒரு விஷயம் இருக்கிறது.

நியூட்ரல் என்ற மறைமுகக் குற்றவாளி

வீட்டு சுவிட்ச் போர்டும் வழக்கமான ஒற்றை எம்.சி.பி.யும் துண்டிப்பது ஃபேஸை மட்டும். நியூட்ரல் ஒயர் எப்போதும் சாதனத்தோடு இணைந்தே இருக்கும். ஒரு கீசருக்குள் நியூட்ரல் பக்கம் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், அதன் எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தத் தொடர்பு அறுவதில்லை. சமையலறையில் யாராவது மிக்சியைப் போடுவார்கள். மிக்சியின் கரண்ட் நியூட்ரலில் திரும்பும்போது ஒரு பகுதி பிரிந்து, குளியலறைக் கீசர் வழியாக எர்த்துக்குப் போகும். கணக்கு உதைக்கும். ஆர்.சி.சி.பி. விழும்.

வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், "மிக்சி போட்டாத்தான் விழுது." மிக்சி ரிப்பேர் கடைக்குப் போகும். "ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கு" என்று திரும்பி வரும். மறுநாள் அயர்ன் பாக்ஸ் போட்டாலும் விழும். பெரிய லோடு எதைப் போட்டாலும் விழுகிறது, அல்லது எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிய பிறகும் விழுகிறது என்றால் நியூட்ரல்-எர்த் தொடர்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யே பழுதாகவும் இருக்கலாம். எலக்ட்ரீஷியன், மெயினை நிறுத்திவிட்டு, நியூட்ரல் லிங்கில் உள்ள ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பார். மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒயரின் இன்சுலேஷனை அளப்பார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மெகர் இல்லாமல் டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு லீக்கேஜைத் தேடுவது இருட்டில் துழாவும் வேலை.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இதன் இன்னொரு வடிவம் வரும். இன்வெர்ட்டருக்கு ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்பிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் அதற்குப் பின்னால் உள்ள பொது லிங்கில் சேர்த்துவிட்டால் போன வழி ஒன்று, வந்த வழி வேறு. எதுவுமே கசியாமல் ஆர்.சி.சி.பி. விழும். இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து தொந்தரவு ஆரம்பித்தது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும் என்பதையும் வேலை பார்க்க வருபவருக்கு நினைவூட்டுவது நல்லது.

கெட்டுப்போன சாதனம் எதுவும் இல்லாமலும் விழலாம். கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் போன்றவை நல்ல நிலையில் இருக்கும்போதே எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். வீட்டுக்கே ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் இந்தச் சில்லறைகள் சேர்ந்து 15 மில்லி ஆம்பியரை எட்டிவிடும். பிறகு ஒரு இடி, கரண்ட் போய் வரும்போது ஒரு துள்ளல், அது போதும். இதற்கு மருந்து, லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி. போடுவது. இல்லையென்றால் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாக உள்ள ஆர்.சி.பி.ஓ.வை முக்கியமான லைன்களுக்குத் தனியாகப் போடுவது. செலவு கூடும். ஆனால் பாத்ரூம் கீசர் கெட்டால் ஃபிரிட்ஜில் பால் திரிய வேண்டியதில்லை.

செய்யக் கூடாத நான்கு ரிப்பேர்கள்

சுவிட்ச் விழுவதை நிறுத்துவது எளிது. கோளாறைச் சரிசெய்யாமலேயே நிறுத்திவிடலாம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்று, பெரிய எம்.சி.பி. போடுவது. அந்தக் காலத்தில் 'பீஸ்' அடிக்கடி போனால் கட்டையில் நாலு இழைச் செம்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவார்கள். இன்றைக்கு அதே புத்தி, 16ஐக் கழற்றி 32 போடச் சொல்கிறது. சுவருக்குள் இருப்பது 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். பைப்புக்குள் அது தாங்குவது சுமார் 20 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை விட்டுவைக்கலாம். ஒயர் உருகும்வரை சுவிட்ச் விழாது.

இரண்டு, ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக இணைப்பது. 'டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே விழாது' என்ற உத்தரவாதம் உண்மைதான். ஷாக் அடித்தாலும் விழாது.

மூன்று, எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. இதுதான் மிக மோசம், காரணம் இது உடனே பலன் தருவதுபோல் தெரியும். கசிவு உள்ள வாஷிங் மெஷினில் எர்த்தைத் துண்டித்ததும் கசியும் கரண்ட்டுக்குப் போக வழி இல்லை. டிரிப் நின்றுவிடும். ஆனால் மெஷினின் தகரம் முழுவதும் கரண்ட் நிற்கும். அது எர்த்துக்குப் போக அடுத்த வழி, ஈரக் காலோடு துணி எடுக்க வருபவரின் உடம்பு. ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த நேரத்தில் விழக்கூடும், அதுவும் அவருக்கு ஷாக் அடித்த பிறகு. எர்த் சரியாக இருந்திருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். எர்த் குழியைக் கோடையில் காயவிடாமல் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லும் பழக்கம் வெறும் சம்பிரதாயம் அல்ல. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது.

நான்கு, விழும் சுவிட்சை விழாமல் டேப் ஒட்டியோ கட்டியோ வைப்பது. நல்ல எம்.சி.பி.யில் இது பலிக்காது. கைப்பிடியை மேலே பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே தொடர்பு விடுபடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

டெஸ்ட் பட்டன் ஏன் இருக்கிறது?

ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பட்டனை அமுக்கினால் அது செயற்கையாக ஒரு கசிவை உண்டாக்கும். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பெட்டியில் இருக்கும் வெறும் பொம்மை, மாற்றியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே உள்ள பாகங்கள் இறுகிவிடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அமுக்கச் சொல்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தயாரிப்பாளர் தந்த தாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை. எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எப்போது மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும்?

மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளது நம் பொறுப்பு. மீட்டர், அதற்கு முன்னால் உள்ள ஒயர், கம்பம் எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. மீட்டர் பக்கம் பொறி பறந்தால், கருகிய வாடை வந்தால் அவர்களைத்தான் அழைக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் வீடுகளில் ஒரு அறை லைட் மங்கி, இன்னொரு அறை லைட் கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால் அது நியூட்ரல் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். சில நிமிடம் தாமதித்தாலும் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். 'மின்னகம்' சேவை மையத்தின் எண் 94987 94987.

ஐசோலேட்டருக்குப் பதில் மெயின் எம்.சி.பி. உள்ள வீட்டில் அதுவே அடிக்கடி விழுகிறது, கிளை எம்.சி.பி. எதுவும் விழவில்லை என்றால் வீட்டின் மொத்த லோடு கூடியிருக்கிறது. ஒரு ஏ.சி.க்கு வாங்கிய இணைப்பில் மூன்று ஏ.சி. ஓடும் வீடுகளில் இது வழக்கம். கூடுதல் லோடுக்கு விண்ணப்பிப்பதும், மீட்டரிலிருந்து வரும் ஒயரை மாற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை

பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி வையுங்கள். ஒவ்வொன்றாக இறக்கி, எங்கே லைட் அணைகிறது என்று பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிகிற வேலை. அதற்குக் கீழேயே டிரிப் ஆகும்போதெல்லாம் தேதி, நேரம், விழுந்த சுவிட்ச், அப்போது ஓடியவை, மழையா வெயிலா என்று குறித்துவைக்கலாம். நாலைந்து வரி சேர்ந்தால் போதும், எலக்ட்ரீஷியன் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அவர் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது, "இனிமே விழாதா?" என்று கேட்காதீர்கள். விழாமல் செய்ய நான்கு தப்பான வழி இருக்கிறது. "எதனால விழுந்துச்சு, எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். உப்புப் படிந்த கீசர் காயிலையோ, எலி கடித்த ஒயரையோ, தளர்ந்து கருகிய ஸ்க்ரூவையோ எடுத்துக் காட்டினால் அவருக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம். "பெருசா ஒண்ணு மாத்தியிருக்கேன் சார்" என்றால், பழைய எம்.சி.பி.யை வாங்கி எண்ணைப் பாருங்கள். புதியதில் எண் கூடியிருந்து, ஒயர் மாறவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.